மூன்று நாள் என்று சொன்னேன்

செப்டம்பர் 24, செவ்வாய்

விடியும்போதே தூறல். நேற்று துவைத்தது எதுவும் காயவில்லை. அரை ஈரப் புடவையோடு பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்புக் காலாண்டுத் தாள் பாதிதான் திருத்தியிருக்கிறேன். நம் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒருத்தி 'மிராசுதார் மதகிலிருந்து' என்று எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன். முழுக்கத் தப்பு என்று சொல்ல மனசு வரவில்லை.

கிருபாவுக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது. இடது முழங்காலுக்குக் கீழே இருந்த கட்டி உடைந்து ஆறுகிறது, அதன் சூடாக இருக்கும். ஒன்றாம் வகுப்பும் என்னிடம்தான். பெற்றவள் மேசை என்று பக்கத்திலேயே சுருண்டு படுத்துவிட்டாள். ஆறு வயதில் இவ்வளவு சோம்பல் ஆகாது என்று அதட்டினேன்.

அவர் மத்தியானம் சாப்பிட வரவில்லை. சங்கக் கூட்டம். குறுவை அறுப்புக் கூலியில் அரைப்படி கூட்டாவிட்டால் நாளையிலிருந்து யாரும் வயலில் இறங்குவதில்லை என்று முடிவாம். ஊர்ச் செயலாளர் இவர்தான். சோற்றுக்கு வராத செயலாளர்.

வாங்க: சோப்பு, சிவப்பு மை, மண்ணெண்ணெய்.

செப்டம்பர் 25, புதன்

தூறல் விட்டது. புழுக்கம்.

காலையில் எழுப்பினால் கி. இடது காலைக் கீழே ஊன்றவில்லை. எங்கே வலி என்றால் ஒரு தரம் தொடை, ஒரு தரம் முழங்கால். விழவில்லை என்கிறாள். காய்ச்சல் 102. (தெர்மாமீட்டர் பள்ளி முதலுதவிப் பெட்டியினுடையது. தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும்.)

பக்கத்து வீட்டு சிந்தாமணி அக்கா பார்த்துவிட்டுச் சுளுக்கு என்றாள். அவளுக்கு உலகத்தில் எல்லாம் சுளுக்கு.

மத்தியானம் அவர் போய்க் கம்பவுண்டரை அழைத்துவந்தார். மிராசுதார் தெருக்காரர். எங்கள் தெருவுக்கு வந்தால் வாசல் தாண்ட மாட்டார். கோயிலில் ஜெபம் நடத்திய உபதேசியார் என் அப்பா. அவரை வயசு பார்க்காமல் 'ஏண்டா' என்று கூப்பிட்டவர், இன்று என்னை 'டீச்சர்' என்கிறார். பெனிசிலின் ஒன்று போடலாம், வெந்நீர் வையுங்கள் என்றார். ஊசியைப் பார்த்ததும் கி. ஒரே அழுகை.

நான் விடவில்லை. போன வருஷம் ஆசிரியர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி நடந்ததே, அந்த நோட்டைத் தேடி எடுத்துவந்தேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஊசி போட்டால் இளம்பிள்ளைவாதம் அந்தக் காலைப் பிடித்துக்கொள்ளும், அசைக்காமல் படுக்கவைக்க வேண்டும் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதை வாசலில் நின்று சத்தமாக வாசித்தேன். தெருவில் பத்துப் பேர் நின்று கேட்டார்கள். கம்பவுண்டர் முகம் சிறுத்துப் போனது. படிச்சவங்களுக்குத் தெரியாததா என்று முணுமுணுத்து, மாத்திரையைத் தாளில் மடித்து வைத்துவிட்டுப் போனார்.

இங்கே ஒளிக்க என்ன இருக்கிறது. எனக்கு சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

வெயில். 103½. நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றி.

காலை மடக்கி வெளிப்பக்கமாகச் சாய்த்துவைத்துக்கொண்டு அப்படியே கிடக்கிறாள். நீட்டப் போனால் அலறல். பாயை இழுத்தால்கூட அலறல். வாதம்தானா? வாதமாக இருக்கக் கூடாது ஆண்டவரே.

பதினொரு மணி பஸ்ஸில் தஞ்சாவூர் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் அவர். குலுங்கினால் வாதம் ஏறிவிடும் என்று மறித்தேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தையாம்.

உப்பு வறுத்து ஒத்தடம். அக்கா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள், உருவிவிட. கிட்டவே விடவில்லை.

திருத்த வேண்டிய தாள் இன்னும் ஒன்பது.

செப்டம்பர் 27, வெள்ளி

வெளியூர் ஆட்களை இரண்டு லாரியில் கொண்டுவந்து இறக்கி அறுக்கவிட்டார்கள். நம்மவர்கள் வரப்பில் போய் மறித்து உட்கார்ந்தார்கள். பத்து மணிக்குப் போலீஸ். இவரையும் இன்னும் பதினோரு பேரையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். செருப்புகூட இல்லாமல் போனார் என்று அக்கா ஓடிவந்து சொன்னாள். நான் போய்ப் பார்க்கவில்லை. கி. என் விரலைப் பிடித்த பிடியை விடவில்லை.

பதினொரு மணி பஸ் இன்றும் வந்தது. ஹாரன் கேட்டது. அவர் இல்லாமல் எப்படித் தூக்கிக்கொண்டு ஏறுவது என்று உட்கார்ந்திருந்தேன். நேற்று ஒரு காரணம், இன்று ஒரு காரணம்.

செப்டம்பர் 28, சனி

நேற்று சாயங்காலம் மெயின்ரோட்டில் பஸ் மேல் கல் விழுந்ததாம். பஸ் நின்றுவிட்டது. கடை இல்லை. ரோட்டில் போலீஸ்.

கி. கஞ்சி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். கண்ணைத் திறக்காமல் இரண்டாம் வாய்ப்பாடு சொல்கிறாள். ஈரேழு பதினாலு வரை வந்து திரும்ப முதலிலிருந்து.

கம்பவுண்டருக்கு ஆள் அனுப்பினேன். இந்தத் தெருவுக்கு இனி வருவதற்கில்லை, அவர்கள் தெருவில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள் என்று பதில். கூடவே, ஊசி வேணாம்னவங்கதானே என்றும் சொன்னாராம்.

ஆமாம். நான்தான்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கோயில் மணி அடித்தது. போகவில்லை. உபதேசியார் மகள் கோயிலுக்கு வரவில்லை என்று பேசிக்கொள்ளட்டும்.

பாய் பக்கத்தில் முழங்கால் போட்டேன். தெரிந்த ஜெபம் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள், இப்படி அலறவிடாதே என்று கேட்டுவிட்டேன். பெற்றவள் கேட்கிற வரமா அது. எழுதக் கை கூசுகிறது. எழுதியாயிற்று.

தொடை வீங்கிப் பளபளவென்று. அக்கா வந்து பார்த்தாள், இந்தத் தரம் சுளுக்கு என்று சொல்லவில்லை. "விடிஞ்சா வண்டியக் கட்டச் சொல்லிருக்கேன். நீ நோட்டப் படிச்சுக்கிட்டு இரு. நான் புள்ளயத் தூக்கிட்டுப் போறேன்." என்னை நீ என்று அவள் அதட்டியது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 30, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தா. பையில் டைரி இருந்தது, எழுதுகிறேன். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

நீடாமங்கலம் வரை மாட்டுவண்டி. வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு அலறல். பாலத்தடியில் போலீஸ் நிறுத்தினார்கள். பிள்ளையைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. சேற்றில் பதிந்த சக்கரத்தை இரண்டு பேர் தள்ளிக்கூட விட்டார்கள். பாசஞ்சரில் தஞ்சாவூர். ஸ்டேஷனிலிருந்து ஜட்கா.

எங்களுக்கு முன்னால் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை. எட்டு நாளா வீட்ல வச்சுக்கிட்டு என்னா பண்ணுன என்று பெரிய டாக்டர் அவளைக் கேட்டார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வரிசையே அவளைப் பார்த்தது.

எங்களைப் பார்த்தவர் சின்ன டாக்டர். முப்பதுக்குள் இருக்கும், கண்ணாடி. என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். டீச்சர்னா தேதி கரெக்டா சொல்லுவீங்க, எந்த நாள்லேர்ந்து கால் ஊனல என்றார்.

"சனிக்கிழமையிலேர்ந்து சார். மூணு நாள். பஸ் நின்னு போச்சு."

எப்படி வந்தது அந்த வார்த்தை? யோசித்தெல்லாம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் 3 என்று எழுதிக்கொண்டார்.

தொடைச் சந்தில் பெரிய ஊசியை இறக்கி உறிஞ்சினார். வந்தது திரிந்த பால் மாதிரி. சீழ். இடுப்பு மூட்டுக்குள் முழுக்கச் சீழாம். இன்றைக்கே திறந்து கழுவ வேண்டும் என்றார். கையெழுத்து போட்டேன். அழகான கையெழுத்து, பாழாய்ப்போன கையெழுத்து.

நாலு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இன்னும் வரவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

பிழைத்துவிட்டாள்.

இடுப்பில் ரப்பர் குழாய், பாட்டிலில் வடிகிறது. கால் நுனியில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டிருக்கிறார்கள். மூட்டு ஒட்டாமல் இருக்கவாம். காய்ச்சல் 101. காலையில் பால் கேட்டாள். ரொட்டியில் பாதி தின்றாள். மீதியை நான் தின்றேன். பசித்தது. எனக்குக்கூடப் பசிக்கிறது.

சின்ன டாக்டரிடம் இளம்பிள்ளைவாதமோ என்று பயந்ததைச் சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். பொறுமையாக விளக்கினார். "வாதம்னா கால் துவண்டு கிடக்கும் டீச்சர். தொட்டா இப்படி அலறாது. ஊசி போடாதீங்கன்னு சொல்றது அந்தக் காய்ச்சலுக்கு. எல்லாக் காய்ச்சலுக்கும் இல்ல." முழங்காலடியில் இருந்த கட்டியிலிருந்து சீழ் ரத்தத்தோடு போய் இடுப்பு மூட்டில் தங்கியிருக்க வேண்டுமாம். தொடை எலும்பின் தலை பந்து மாதிரி ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றிச் சீழ் நின்றால் ரத்த ஓட்டம் நின்று பந்து கரைந்துபோகும். எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு நல்லது.

முதல் நாளே பெனிசிலின் போட்டிருந்தால் என்று கேட்டேன், யாருக்கோ கேட்கிற மாதிரி. அப்பவும் திறக்க வேண்டியிருந்திருக்கலாம், ஆனா கொஞ்சம் அடங்கியிருக்கும், நாள் கிடைச்சிருக்கும் என்றார்.

புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். ஆறு. எப்படி எண்ணினாலும் ஆறு.

அலறினாள் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். 26-ஆம் தேதி. நான் எழுதியதை நானே படிக்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

காய்ச்சல் 99½. அக்கா ஊருக்குப் போய்விட்டாள், மாடு பார்க்க. போகும்போது கி. தலையைத் தடவினாள். என்னிடம் ஏதோ சொல்ல வந்து, பால் தூக்கைக் கழுவி வச்சிருக்கேன் என்றாள்.

சின்ன டாக்டரிடம் நீள நோட்டு ஒன்று இருக்கிறது. இடுப்பு மூட்டில் சீழ் வந்து இங்கே வந்த பிள்ளைகள் எல்லாம் அதில். வயது, எத்தனை நாள் கழித்து வந்தது, என்ன செய்தது, பிறகு எப்படி நடந்தது. கடைசிப் பத்தியில் குட், ஃபேர், புவர் என்று மூன்றில் ஒன்று. நாமும் பிள்ளைகளுக்கு இப்படித்தான் போடுகிறோம். டாக்டர்கள் கூட்டத்தில் வாசிக்கப் போகிறாராம். சீக்கிரம் வந்த பிள்ளைகள் நல்லா நடக்குதுங்க, லேட்டா வந்தா இல்ல, இதை எல்லா ஊர் கம்பவுண்டருக்கும் சொல்லணும் டீச்சர் என்றார். முகமே வெளிச்சமாக இருந்தது அதைச் சொல்லும்போது.

கி. பெயருக்கு எதிரே 3. கடைசிப் பத்தி காலி.

அக்டோபர் 7, திங்கள்

மழை. ஜன்னலோரக் கட்டில் நனைந்து எல்லாரையும் நகர்த்தினார்கள்.

போன வருஷம் ஆபரேஷன் ஆன பெண் ஒன்று காட்ட வந்தது. எட்டு வயது இருக்கும். நெட்டையான பிள்ளை, சிரித்த முகம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கம் முழுக்கச் சாய்ந்து எழுந்தது. குட்டையான காலுக்குக் கீழே மரப்பலகை ஒவ்வொன்றாக வைத்து இரண்டு தோளும் சமமாகும் வரை அளந்தார்கள். மூன்று பலகை. எத்தனை நாள் கழிச்சுக் கொண்டுவந்தீங்க என்று அதன் அப்பாவைக் கேட்டேன். ஏழுங்க என்றார்.

கக்கூஸில் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். வெளியே ஆயா கதவைத் தட்டி, மத்தவங்க வர வேணாமா என்றாள்.

அக்டோபர் 11, வெள்ளி

நான் போட்ட கார்டுக்கு அவரிடமிருந்து ஜெயில் முத்திரையோடு பதில் கடிதம். இன்னும் ஜாமீன் இல்லை. ஒரு பகுதியை அப்படியே எழுதி வைக்கிறேன்:

'வியாழக்கிழமையே நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். நீ வேண்டாம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் சௌகரியமாகத்தான் இருந்தது. பேச்சுவார்த்தைக்குப் போகலாமே என்று. அரைப்படி நெல்லுக்காக என் பிள்ளை காலைப் பணயம் வைத்துவிட்டேன். கிருபா பெரியவளானால் அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ சொல்லாதே.'

என் பேரில் ஒரு வார்த்தை குற்றம் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதே சாயங்காலம் தாலுகா சங்கத்திலிருந்து தோழர் கோவிந்தன், ஆரஞ்சுப் பழத்தோடு. நோட்டீஸ் அடிக்கப் போகிறார்களாம். போலீஸ் பஸ்ஸை நிறுத்தியதால் மூன்று நாள் ஆஸ்பத்திரி போக முடியாமல் ஊனமான தொழிலாளி மகள் என்று. போட்டோ கேட்டார். இன்னும் ஊனம் ஆகவில்லை என்றேன். ஆகாதுங்க, ஆகக் கூடாதுங்க, ஒரு பேச்சுக்குங்க என்று தடுமாறினார். நல்ல மனிதர். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் சொன்ன மூன்றுக்கு இப்போது கால் முளைத்துவிட்டது. அது நடக்கிறது.

அக்டோபர் 16, புதன்

எடையை எடுத்துவிட்டு மாவுக்கட்டு. மார்புக்குக் கீழே தொடங்கி இடது பாதம் வரை. புரள முடியாது. முதுகு அரிக்கிறது என்று ஒரே பாட்டு. பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்துவிட்டேன், நர்ஸ் பார்த்துத் திட்டினாள்.

லீவு கடிதம் போட வேண்டும். அக்கா அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. ஊரில் அரைப்படிக்கு ஒத்துக்கொண்டார்களாம். காற்படி என்று இன்னொருத்தர். எதுவானாலும் அறுப்பு முடிந்துவிட்டது.

கி.: "கட்டு பிரிச்சதும் பள்ளிக்கூடம் நடந்தே போவேன், நீ தூக்க வேணாம்."

அக்டோபர் 21, திங்கள்

எக்ஸ்ரே.

சின்ன டாக்டர் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். வலது பக்கம் பந்து உருண்டையாக, வெள்ளையாக. இடது பக்கம் கரும்பலகையில் சரியாக அழிக்காத எழுத்து மாதிரி ஒரு மங்கல். எனக்கே தெரிந்தது. கிண்ணத்தில் சரியாக உட்காரவும் இல்லை.

"மூணு நாள்ல வந்த பிள்ளைக்கு இப்படி ஆகக் கூடாது" என்றார். என்னிடம் இல்லை, படத்திடம்.

நடப்பாளா என்றேன். நடப்பாள், ஆனால் கால் குறையும், வளர வளர இன்னும் குறையும், பின்னால் இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திறந்தது போதாதுபோல இருக்கு டீச்சர், குழாயைச் சீக்கிரம் எடுத்துட்டேனோ என்னவோ, என்னை மன்னிச்சுக்குங்க என்றார்.

என்னிடம் மன்னிப்பு. என் பையில் இந்த டைரி. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

இல்லை சார் என்று மட்டும் சொன்னேன். எதற்கு இல்லை என்று அவரும் கேட்கவில்லை.

கடைசிப் பத்தியில் புவர் என்று எழுதியிருப்பார்.

அக்டோபர் 22, செவ்வாய்

சோறு இறங்கவில்லை. தலை வாரவில்லை. கி. கேட்கிறாள், ஏம்மா பேயாட்டம் இருக்க என்று.

சொல்லி என்ன ஆகப் போகிறது? கரைந்தது கரைந்ததுதான். சொன்னால் கால் நீளுமா? சொன்னால் நான் யார்? எட்டு நாள் வைத்திருந்தவளாவது நோட்டு வாசிக்கவில்லை. அவள் பயந்து வைத்திருந்தாள். நான் பெருமைக்கு வைத்திருந்தேன். கம்பவுண்டர் முகம் சிறுத்ததே, அதற்கு என் பிள்ளை காலை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

சொல்ல மாட்டேன். நாளை கட்டில் எண் மாற்றுகிறார்களாம்.

அக்டோபர் 24, வியாழன்

டைரி சின்ன டாக்டரிடம். இதை நர்ஸ் கொடுத்த பழைய சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

காலை ஒன்பதுக்குப் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு குடியானவர், மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை. அடுத்த கட்டில். அதே மாதிரி மடங்கிய கால், அதே அலறல். முந்தாநாள் காலையிலிருந்து. மூன்றாம் நாள். நிஜமான மூன்று. சின்ன டாக்டர் ஊசி இறக்கிப் பார்த்தார், சீழ். உடனே திறக்க வேண்டும் என்றார். எல்லாம் சரியாகிடுங்களா என்று குடியானவர் கேட்க, டாக்டர் முந்தி மாதிரி வெளிச்சமாகப் பேசவில்லை. சொல்ல முடியாதுங்க, மூணு நாள்ல வந்தும் சிலதுக்குச் சரியா வரதில்ல என்றார். என் கட்டில் பக்கம் பார்க்காமல்தான் சொன்னார். கையெழுத்துக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுத் தியேட்டருக்குச் சொல்லப் போனார்.

அந்த மனிதர் கி.-யின் மாவுக்கட்டைப் பார்த்தார். பாப்பாவுக்கும் இதேதானா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனாம் நாள் வந்தீங்க என்றார். நான் வாய் திறப்பதற்குள் எதிர்க்கட்டில்காரி, டீச்சர் மூணு நாள்லயே வந்துட்டாங்க, அப்புறமும் கால் குட்டைன்னு சொல்லிட்டாங்க பாவம் என்றாள்.

அவர் மனைவியிடம் திரும்பினார். "இவ்ளோ வெட்டியும் இப்புடித்தான்னா எதுக்கு வெட்டணும்? நம்ம ஊர்ல கட்டுக் கட்டுறவரு இருக்காரு. துணிய எடு, போவோம்." காகிதத்தை மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கப் போனார். அது அலறியது. அந்த அலறல் எனக்குத் தெரியும்.

எழுந்து குறுக்கே நின்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நாங்க மூணு நாள்ல வரல. ஆறு நாள். ஊசி போட வந்த கம்பவுண்டர நாந்தான் தடுத்தேன். பஸ் இருந்துச்சு, நாந்தான் ஏறல. டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். என் பிள்ளையப் பாத்து உங்க பிள்ளையத் தூக்கிட்டுப் போயிடாதீங்க."

நம்பவில்லை. எதுக்கு இந்தம்மா இப்படிச் சொல்லுது என்பது மாதிரிப் பார்த்தார். பையிலிருந்து டைரியை எடுத்து 25-ஆம் தேதியிலிருந்து வாசித்தேன். ஒரு மாதம் முன்னால் வாசலில் நின்று வாசித்த அதே குரல்தான். வார்டு முழுக்கக் கேட்டது. 'எனக்கு சந்தோஷமாக இருந்தது' என்பதையும் விடாமல் வாசித்தேன். எதிர்க்கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த மனிதர் குழந்தையிடமிருந்து கையை எடுத்தார். அவர் மனைவிதான் காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். இன்னிக்கு மூணாம் நாள்தான என்று அவர் என்னைக் கேட்டார். மூணாம் நாள்தான், நேரத்தைப் போக்காதீங்க என்றேன். கைநாட்டு வைத்தார். பத்தரைக்குக் குழந்தையை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

திரும்பினால் சின்ன டாக்டர் கதவோரம் நிற்கிறார். எதிலிருந்து கேட்டாரோ. கையை நீட்டினார், டைரியைக் கொடுத்தேன். நின்றபடியே நாலைந்து பக்கம் புரட்டினார். தன் நீள நோட்டைத் திறந்து 3-ஐ அடித்துவிட்டு 6 என்று எழுதினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நாலு நாளாத் தூங்கல டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு, டைரியை அக்குளில் வைத்துக்கொண்டே தியேட்டருக்குப் போனார்.

செய்ய வேண்டியது: கோவிந்தனுக்கு, நோட்டீஸ் வேண்டாம். ஜெயிலில் அவருக்கு, உங்கள் பேரில் தப்பு இல்லை, நான் மறித்தேன். கம்பவுண்டருக்கு என்ன எழுதுவது தெரியவில்லை.

மத்தியானம் ஒரு மணி. பாபநாசத்துக் குழந்தை இன்னும் உள்ளே. கி. கூரையைப் பார்த்தபடி கிடக்கிறாள், திரும்ப முடியாதே. தூங்குகிறாள் என்று நினைத்தேன். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, ஊசியப் பாத்து நான் அழுதேன்ல, அதுக்காகத்தான வேணாம்னு சொன்ன? இனிமே அழ மாட்டேம்மா."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. அவளே எடுத்துக் கொடுக்கிறாள், நம்பிக்கொண்டிருப்பாள், ஆயுசுக்கும்.

நீ அழுததால இல்லடா, அம்மாவுக்குத் தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டேன் என்றேன்.

கி.: "டீச்சர் தப்பா சொல்லுவாங்களா?"

சொல்லுவாங்க என்றேன்.